வெற்று எடை

போனது வீணா என்று கேட்கிறார் முதலாளி
திங்கட்கிழமை காலை, எடைமேடைச் சாவியை நீட்டிக்கொண்டே.
இரண்டு நாள் சம்பளம் போயிற்று.
நுழைவுக் கட்டணம் ஆயிரத்து இருநூறு.
கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ், போக வர முப்பது.
அதற்குமேல் எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

கல்லூரி வாசலில் பலகை மலையாளத்தில்,
வாட்ச்மேன் திட்டியது தமிழில்.
உள்ளே நூற்றிருபது பேர்.
வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள்
ஆளுக்கொரு கம்பெனி பெற்றெடுக்க வந்தவர்கள்.
ஒரு மைக், ஒருவருக்கு ஒரு நிமிடம்.
நாய்களுக்கு வரன் பார்க்கும் ஆப் என்றான் ஒருவன்.
என்ன கைதட்டல்!
என் முறை வந்தது.
நான் கோபாலபுரத்தில் எடை போடுகிறவள், என்றேன்.
காய்கறியும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளா போகிற லாரி
காலியாகத் திரும்புகிறது.
எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு,
மூன்று வருடச் சீட்டு என் பையில் இருக்கிறது.
ஒருவரும் தட்டவில்லை.
கடைசி வரிசையில் ஒரு குரல் மட்டும்:
"அப்புறம்?"

அது ஷம்ஸீனா. புதுநகரத்துப் பெண்.
வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்,
கோடு ஓடாவிட்டால் இரண்டிலும் வசவு.
மூன்றாவது ஆள் ஜிதின்
சனிக்கிழமை முழுக்க லோகோ வரைந்தான்,
லாரிக்குச் சிறகு வைத்தான், எடுத்தான், வைத்தான்,
நள்ளிரவில் சிறகோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

வழிகாட்ட வந்தவர் கேட்டார்,
சந்தை எவ்வளவு பெரிது, கோடியில் சொல்லு.
டன்னில் சொல்லட்டுமா சார், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. ஷம்ஸீனா மேசைக்கடியில்
பேனா தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

விடியற்காலை மூன்று மணி.
கொசு, ஏலக்காய் டீ,
பெஞ்சில் கால் நீட்டிய யாரோ ஒருவரின் குறட்டை.
திரையில் முதன்முதலாக ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்தது,
என் கணக்கில் மட்டும் இருந்த லாரி.
எனக்கு முப்பத்தொரு வயது.
அதுவரை நான் பார்த்த எதுவும்
நான் சொல்லி நகர்ந்ததில்லை.

ஞாயிறு காலை, வாடிக்கையாளரிடம் பேசு என்றார்கள்.
கல்லூரி முக்கில் நின்று கை காட்டினோம்.
நிறுத்தியவர் பெயர் பட்டீஸ்வரன், பத்து சக்கர வண்டி.
எல்லாம் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"லோடு ஏத்தறதுக்கு முன்னாடி எடை போட வர்றவன்
காலியாத்தானம்மணி வருவான்.
ரிட்டன் லோடு கிடைச்சவன், பிளைவுட்டு, ரப்பர் ஷீட்டு,
மீனாட்சிபுரம் வழியா நேரா போயிருவான்.
உம்பட மேடைக்கு அவன் எதுக்கு வர்றான்?"

நான்கு நிமிடம்.
மூன்று வருடச் சீட்டு
என் பையிலேயே இருந்தது, ஒரு கிராம்கூடக் குறையாமல்.

மாலை மேடையில் ஷம்ஸீனாதான் பேசினாள்.
எங்கள் யோசனை இன்று காலை பத்தரைக்கு இறந்தது,
காரணம் இது, என்று படம் போட்டுக் காட்டினாள்.
நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார்.
நாய்க் கல்யாணம்தான் வென்றது. கோப்பை,
ஆறு மாதம் இலவசமாக ஒரு மேசை.
கடைசி பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை,
பசிதான் வந்தது.

இப்போது முதல் வண்டி மேடையில் ஏறுகிறது.
போனில் அவள் குறுஞ்செய்தி:
"அக்கா, வர்ற ஞாயிறு மீனாட்சிபுரத்துல உக்காந்து
வண்டி எண்ணலாமா? நோட்டு நான் கொண்டு வரேன்."

வீணா இல்லையா, முதலாளி இன்னும் நிற்கிறார்.
சக்கரம் ஏறியதும் எண் கொஞ்ச நேரம் ஆடும்,
மேலே போகும், கீழே வரும்.
அந்த நேரத்தில் சீட்டு அடிக்கக் கூடாது,
இந்த வேலையில் அவரே எனக்குச் சொன்ன முதல் விதி.

நிற்கட்டும் சார், என்கிறேன்.
டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.